பாதி மண், பாதி தண்ணீர்

எதை எதோடு சேர்த்து விடலாம் என்ற கேள்வி, ஒரு பனிக்காலம் தொடங்கி கோடை சீசன் வரைக்கும் எங்கள் வீட்டில் சோற்றுக்கு முன்னால் வந்து நின்றது. தவளையை மீனோடு விடலாமா, நண்டைத் தவளையோடு விடலாமா, அரணை தண்ணீரில் விழுந்தால் ஏறி வருமா. ஒரே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் பாதி மண், பாதி தண்ணீர். என் வயதுக்காரர்களான உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நாம் எல்லாரும் பாட்டிலில் தலைப்பிரட்டை பிடித்து வைத்து விளையாடியவர்கள்தானே. எங்களுக்கு அது விளையாட்டாக இல்லை. அந்தத் தொட்டியில் உயிர் தங்கவில்லை என்றால் நாங்கள் கோடைக்கானலை விட்டு இறங்க வேண்டும் என்று இருந்தது.

அத்தா, அதாவது எங்கள் அப்பா, ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை பார்த்தார். செண்பகனூருக்குப் போகும் ரோட்டில், தைல மரங்களுக்கு நடுவே இருந்த பெரிய போர்டிங் பள்ளிக்கூடம். காம்பவுண்டின் கீழ்க்கோடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை எங்களுக்கு. அந்த வருஷம் ஐப்பசி மழையில், பிள்ளைகள் படுக்கும் கட்டிடத்தின் கூரைத் தகரத்தைச் சரி பண்ண ஏறியவர் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் பிரித்தபோது இடது கால் கோணலாகக் கூடியிருந்தது. அதற்குப் பிறகு அவரால் ஏணியில் இரண்டு படிக்கு மேல் ஏற முடியவில்லை.

பள்ளிக்கூட மேனேஜர் கெட்டவர் இல்லை. வாசலில் நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "புதுசா ஒரு தச்சனை வைக்கணும். அவனுக்கு ரூம் குடுக்கணும். சீசன் முடியிற வரைக்கும் நான் சமாளிக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆகாதுப்பா."

அம்மா அப்போது உண்டாகியிருந்தாள். ஆனி மாதம் போல பிரசவம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் போன பிறகு அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. அரிசி குழைந்து அடிப்பிடிக்கிற வாடை வந்தது. அப்படியும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு முன்னால் எனக்கொரு அக்கா இருந்தாள். நான் பார்த்ததில்லை. வத்தலக்குண்டில், அம்மாவின் அம்மா வீட்டில் பிறந்து, பத்து மாதத்தில் மலேரியாக் குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அத்தா மலைமேல் வேலை தேடி வந்தது. கீழே போகிற பேச்சையே அம்மா எடுக்க விடமாட்டாள். தன் கூடப்பிறந்த தம்பி, எங்கள் மாமுவின் கல்யாணத்துக்குக்கூடக் காலையில் இறங்கி, சாயங்கால பஸ்ஸுக்கு ஏறிவிட்டாள்.

"அங்க ஒரு புள்ளைய மண்ணுல வச்சுட்டு வந்திருக்கேன். இன்னொண்ணையும் கொண்டுபோயி வைக்கச் சொல்றீங்களா?" என்று அத்தாவிடம் கேட்டாள். அத்தா கோணல் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் மிஸ்ஸம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா. ஐம்பது வயதிருக்கும். எலும்பும் தோலுமாக, ஆண்கள் போடுகிற மாதிரி ஷூ போட்டுக்கொண்டு, சோலைக்காடெல்லாம் தனியாகச் சுற்றுவார். அவர் தமிழ் கற்றது வேதாகமத்திலிருந்து. "அவைகள்", "இவைகள்", "சமாதானமாய்" என்றெல்லாம் பேசுவார். பள்ளிக்கூடத்தில் ஒரு மியூசியம் அறை இருந்தது. பாடம் பண்ணிய பறவைகள், ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சிகள், சாராயத்தில் போட்ட பாம்புகள். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவர் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பள்ளிக்கூடத்தை நடத்துகிற கமிட்டி சம்மதிக்கவில்லை. மே மாதம் அவர்கள் கோடைக்கு வருவார்கள். அப்போது அந்த அறையில் உயிருள்ள ஒன்றைக் காட்டினால் சம்மதிப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

"செத்ததை எவரும் பார்ப்பதில்லை. உயிருள்ளதைப் பார்ப்பார்கள்" என்றார். "இந்த மலையின் தரையும் தண்ணீரும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். நீங்கள் பெட்டி செய்யுங்கள். அதைக் காப்பாற்றுங்கள். அந்த வேலையை நான் உங்களுக்கு வாங்கித் தருவேன்."

அந்த வேலைக்கு ஏணி ஏற வேண்டியதில்லை. அறையும் போகாது. அம்மா அன்றைக்கு மிஸ்ஸம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளர் தாங்க முடியாத சூடு. அந்த அம்மா கைக்குட்டையில் பிடித்துக் குடித்தார்.

மாற்றிப் போட்ட பழைய ஜன்னல் கண்ணாடிகளைக் கொண்டு அத்தா தொட்டியைச் செய்தார். தேக்குச் சட்டம், மூடிக்குக் கம்பிவலை. மியூசியம் அறை ஜன்னலோரம் அதை வைத்தார்; நீளம் என் உயரத்தைவிட அதிகம். எனக்கு அப்போது பத்து வயது. கண்ணாடி ஒட்டிய பட்டிச் சாந்தின் எண்ணெய் நாற்றம் போக, ஏழெட்டு நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்டினோம். ஒரு பக்கம் கருமண்ணும் பாசியும் பெரணியும் வைத்து மேடாக்கினார். மறுபக்கம் ஓடைத் தண்ணீர். நடுவில் கூழாங்கல்.

மிஸ்ஸம்மா ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். எந்தப் பிராணியோடு எதை விடலாம் என்று அதில் வண்ணப் படத்தோடு போட்டிருந்தது. வயிறு சிவந்த தேரை, வாலுள்ள தவளை மாதிரி ஒன்று, தீப்பெட்டி அளவு ஆமை. அத்தா ஒவ்வொரு படத்தையும் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுகூட நம்ம மலையில கெடையாதுங்கம்மா."

மிஸ்ஸம்மா புத்தகத்தை மூடினார். "அப்படியானால் நாமே கண்டுபிடிக்க வேண்டும்" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. நாங்கள் மே மாதத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணினோம்.

பிடித்து வருவது என் வேலை. அத்தாவால் ஓடைக்கு இறங்க முடியாது, அம்மாவால் குனிய முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னோடு ஓடுவேன். தை மாதத்து ஓடைத் தண்ணீர் மலையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்; கையை வைத்தால் முதலில் எரியும், பிறகு கை இருப்பதே தெரியாது. வெள்ளனே போனால் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி உறைபனி. கல்லைப் புரட்டினால் அடியில் மிளகு நிறத்தில் சின்ன நண்டு. ஈர மரப்பட்டைக்குள் அரணை. சோலை ஓரத்தில் அழுகின இலைக்குக் கீழே, சுண்டுவிரல் நகத்தளவு தவளைகள். அந்த வாடை, அழுகின இலையும் ஈர மண்ணும் தைலமும் கலந்த வாடை, எங்கேயாவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் கை தன்னால் விறைக்கிறது.

கொண்டுவந்து விட்டதெல்லாம் செத்தது.

முதலில் ஏரிக்கரைத் தவளை மூன்றும் ஓடை மீன் சிலதும் ஒரு நண்டும் விட்டோம். மறுநாள் ஒரு தவளைக்குப் பின்னங்கால் இல்லை. நண்டை எடுத்துவிட்டோம். தேரை ஒன்றைக் கொண்டுவந்து விட்டேன். சாதுவாக உட்கார்ந்திருந்தது. காலையில் மீன்கள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. தேரையின் மேல்தோலில் ஊறும் பால் தண்ணீரில் கலந்துவிட்டது என்று மிஸ்ஸம்மா சொன்னார். அரணை தண்ணீரில் விழுந்து, கண்ணாடியைப் பிறாண்டிப் பிறாண்டி, ஏற வழியில்லாமல் மூழ்கிப் போனது. அத்தா அதற்குப் பிறகு சரிவாகக் கல் அடுக்கிக் கரை கட்டினார். வத்தலக்குண்டிலிருந்து மாமு ஒரு பானையில் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்தார். குளிர் தாங்காமல் இரண்டு நாளில் ஒவ்வொன்றாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒரே ஜாதித் தவளையிலேயே பெரிசும் சின்னதுமாக விட்டதில், பெரிசின் வாயிலிருந்து சின்னதின் இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது.

அன்றைக்கு அத்தா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவருடைய மடக்கு அளவுகோலைத் தவளையின் வாயில் வைத்து அளந்தார்.

"முக்கால் இஞ்சு. எழுதிக்க தாயி. இதோட வாய்க்குள்ள அடங்குற எதையும் இதுகூட விடக்கூடாது."

அதற்குப் பிறகு நான் பிடித்துவந்த ஒவ்வொன்றுக்கும் வாயளவு, உடம்பளவு, குளிரா சூடா, தண்ணீரா மண்ணா என்று சிலேட்டில் எழுதினோம். கதவு செய்கிற அதே கவனம்தான் அத்தாவுக்கு. ஒவ்வொன்றாகத் தனித்தனி ஜாம் பாட்டிலில் வைத்துப் பார்த்து, பிறகு இரண்டிரண்டாக எனாமல் பேசினில் விட்டு, ஒரு வாரம் காவல் இருந்து, அப்புறம்தான் தொட்டிக்கு. எங்கள் ஒற்றை அறையில் நடக்க இடமில்லை. தம்பிக்கு அப்போது நாலு வயது. தூக்கத்தில் உருண்டு ஒரு பாட்டிலை உடைத்துவிட்டான். அம்மா அந்தத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, யாரையும் திட்டாமல் அழுதாள். அவளுக்கு அந்த ஜந்துக்களைக் கண்டாலே குமட்டும். ஆனாலும், "இன்னைக்கு எத்தனை செத்துச்சு?" என்று என்னிடம்தான் முதலில் கேட்பாள். நான் "ஒண்ணுமில்லம்மா" என்று பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பங்குனி கடைசியில், எப்படி என்று எங்களுக்கே தெரியாமல், சாவு நின்றது. தொட்டியில் கடைசியாக இருந்தவை இவ்வளவுதான்: இலைக்கடியில் வாழும் அந்த நகத்தளவு தவளைகள் ஏழு, கல்லை ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற விரல் நீள மீன் நாலு, நத்தைகள், மண்ணுக்குள் வாழ்கிற வால் மழுங்கின சின்னப் பாம்பு ஒன்று. பாம்பு மண்புழுவைத் தவிர எதையும் தொடாது. ஒன்றின் வாயில் இன்னொன்று அடங்காது. ஒன்றின் தீனி இன்னொன்றுக்கு வேண்டாம். எல்லாமே குளிர் விரும்புகிறவை.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. அன்று சாயங்காலம் தொட்டிக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டது, யாரோ நகத்தால் மேஜையைத் தட்டுகிற மாதிரி. அந்தக் குட்டித் தவளை ஒன்று கத்தியது. சில நாள் கழித்துப் பாசிக்கு அடியில் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். தண்ணீரில் இல்லை, மண்ணில். மிஸ்ஸம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முட்டைக்குள் தலைப்பிரட்டை இல்லை. கால் கையோடு முழுத் தவளையே சுருண்டு கிடந்தது.

"இவைகளுக்குக் குளம் வேண்டாம். முட்டைக்குள்ளேயே தங்கள் குளத்தை வைத்திருக்கின்றன" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் கண் ஈரமாகத்தான் இருந்தது. அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அன்றைக்கு அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். ஐந்து மாதத்தில் நான் கேட்ட ஒரே பாட்டு.

அடுத்த வாரம் மிஸ்ஸம்மா பல் பிடுங்க மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். கமிட்டி வருகிற அன்றைக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கமிட்டி வருவதற்கு மூன்று நாள் முன்பு, மேனேஜர் மியூசியம் அறைக்கு வந்தார். அத்தா தொட்டிப் பக்கத்தில் இருந்தார்; நான் பாசி எடுத்து வந்திருந்தேன்.

மேனேஜர் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். "எங்கேப்பா, எதையும் காணோம்?"

"இருக்குங்கய்யா. பகல்ல இலைக்கடியில கெடக்கும். கொஞ்ச நேரம் அசையாம நின்னா வெளிய வரும்."

"எவ்வளவு நேரம்?"

"அரைமணி, ஒரு மணி ஆகுங்க."

மேனேஜர் நிமிர்ந்தார். "அவங்க இந்த ரூம்ல அஞ்சு நிமிஷம் நிப்பாங்க. நீ பாசி போட்ட தொட்டியைக் காட்டப் போறியா? பெருசா ஏதாவது வைப்பா. கண்ணுக்குத் தெரியிற மாதிரி. அப்புறம் உன் இஷ்டம்."

பிறகு அத்தாவை வெளியே கூட்டிப்போய் ஏதோ பேசினார். அது என் காதில் விழவில்லை. அத்தா திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகிற உயிர்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததன் பலன், தொட்டி காலியாகத் தெரிந்தது.

பஸ் கண்டக்டர் மூலமாக அத்தா மாமுவுக்குச் சொல்லி அனுப்பினார். கமிட்டி வருகிற அன்று காலை முதல் பஸ்ஸில் மாமு வந்து இறங்கினார். கையில் ஈரச்சாக்கு போட்டு மூடிய மண்ணெண்ணெய்த் தகரம்.

"ஆமைக்கு ரெண்டு நாளா அலைஞ்சேன் மச்சான். கண்மாயி வத்திக் கெடக்கு, ஆப்படலை. இதுதான் கெடைச்சது. பாருங்க, ராசா மாதிரி இருக்கு."

கண்மாய்த் தவளை. இரண்டு கை சேர்த்தாலும் அடங்காது. பச்சை முதுகு, நடுவில் மஞ்சள் கோடு, தொண்டை துடித்துக்கொண்டே இருந்தது. அத்தா அதன் வாயை அளக்கவில்லை. அளக்க வேண்டிய தேவை இல்லை.

"அத்தா, வேணாம் அத்தா" என்றேன். "எல்லாத்தையும் தின்னுரும்."

"தெரியும் தாயி. அஞ்சு நிமிஷம்தான். வயிறு நெறையக் குடுத்துட்டு விடுவோம். அவங்க அந்தாண்ட போனதும் எடுத்துருவோம்."

சமையல்கட்டுக் கரப்பான்களும் மண்புழுவும் அது வாய் திறக்க மறுக்கும் வரை கொடுத்தார். பதினோரு மணிக்குக் கமிட்டி வரும் என்றார்கள். பத்தரைக்குத் தொட்டிக்குள் விட்டார். நல்ல மூடுபனி. ஜன்னல் வெள்ளையாக இருந்தது. தவளை பாசிமேல் உட்கார்ந்தது, கல் மாதிரி. குளிரில் மந்தமாகிவிட்டது. அத்தா பெருமூச்சு விட்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு தொட்டிப் பக்கத்தில் தடியை ஊன்றி நின்றார். நான் கதவோரம்.

பதினோரு மணி ஆனது. யாரும் வரவில்லை. பதினொன்றரைக்கு மூடுபனி விலகி, ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. தவளை கண்ணைத் திறந்தது. உடம்பைத் திருப்பியது. வெயிலுக்குக் குட்டித் தவளை ஒன்று இலைக்கடியிலிருந்து வெளியே வந்தது. அத்தனை நாள் நாங்கள் மணிக்கணக்காகக் காத்திருந்தும் லேசில் வராதது, அன்றைக்கு என்னவோ வந்தது. ஒரு தாவல். மஞ்சள் வாய் திறந்ததும் மூடியதும் தெரியவில்லை.

"அத்தா, எடுத்துருங்க!"

அத்தா மூடியில் கை வைத்தார். வெளியே வராந்தாவில் ஷூ சத்தம். கையை எடுத்துக்கொண்டு நேராக நின்றார். சத்தம் கடந்து போய்விட்டது. சமையல்காரர், தட்டுகளோடு.

மறுபடி மூடியில் கை. மறுபடி யாரோ பேசும் குரல். "இந்தா வந்துட்டாங்க. இப்பப் போயி கையை விட்டுத் துழாவிக்கிட்டு நின்னா என்ன நெனைப்பாங்க? இரு தாயி." வரவில்லை. இரண்டாவது போனது. மூன்றாவது. ஒவ்வொரு முறையும் காலடிச் சத்தம். ஒவ்வொரு முறையும் அத்தா நிமிர்ந்து நின்று, முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, காத்திருந்து, அந்தச் சிரிப்பை இறக்கினார். அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. நான் அழுதேன். "அழாதே, கண்ணு செவந்திருக்கும், பாப்பாங்க" என்றார். தவளை மேட்டிலிருந்து தண்ணீருக்குப் பாய்ந்தபோது பாசி பெயர்ந்து, அதோடு அந்த ஜவ்வரிசி முட்டைகளும் சரிந்து தண்ணீருக்குள் போயின. கல்லை ஒட்டிய மீன்களில் இரண்டைக் காணவில்லை.

மணிக்கூண்டில் ஒரு மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. மிஸ்ஸம்மா மட்டும். மதுரையிலிருந்து வந்து, வாசலில் மேனேஜரைப் பார்த்துவிட்டு வருகிறார், தாடையில் துணிக்கட்டு.

"அவர்கள் வரவில்லை" என்றார். "புதிய கட்டிடத்தைப் பார்த்தார்கள். பிறகு சாப்பிடப் போய்விட்டார்கள். அறையைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாமாம்."

பிறகு தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பாசி பிய்ந்து, நடுவில் அந்தத் தவளை, வாயோரத்தில் சின்னக் கால் ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது. அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து, முட்டை இருந்த இடத்தை விரலால் தேடினார்.

"யார் இதைச் செய்தது?"

"நான்தாங்கம்மா விட்டேன்" என்றார் அத்தா.

"ஏன்?"

அத்தா தடியை மாற்றிப் பிடித்தார். மிஸ்ஸம்மா என்னைப் பார்த்தார். "நீ சொல். ஏன்?"

மேனேஜர்தான் சொன்னார் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. அத்தா என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். வேண்டாம். நான் தரையைப் பார்த்தேன். மிஸ்ஸம்மா அழுதார். வீங்கின தாடையோடு, குழந்தை மாதிரி, சத்தம் போட்டு அழுதார். பெரியவர்கள் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுது முடித்துவிட்டு, "இனி நீங்கள் இந்த அறைக்கு வர வேண்டாம்" என்று சொன்னார்.

அம்மாவிடம் அத்தா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னை வெளியே அனுப்பிவிட்டார். தம்பியைக் கூட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. கூச்சல் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நாங்கள் திரும்பி வந்தபோது அவள் வீங்கின கண்ணோடு பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வைகாசி முடியும் முன்னே இறங்கினோம். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பத் திரும்பக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றின்மேல் கையை வைத்தபடியே வந்தாள். அந்தக் காற்றை உள்ளே இழுக்கவே அவளுக்குப் பயம். மாமு வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. அத்தா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெட்டிக்கடைகளுக்கு மரத்தட்டு அடித்துக் கொடுத்துப் பிழைத்தார். தங்கச்சி பிறந்தாள். மூன்றாவது மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர்காய்ச்சல் அப்போது ஊரில் குறைந்துவிட்டது, இது வேறே என்று டாக்டர் சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. ஒன்பது நாள். பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை, தானும் படுக்கவில்லை. அத்தாவை அந்த ஒன்பது நாளும் அறைக்குள் வர விடவில்லை. அவர் வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். உள்ளே இருமல் கேட்டால் எழுந்து நிற்பார். பிறகு உட்காருவார்.

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். வலது காது கேட்காமல் போனது. இன்றைக்கும் திண்டுக்கல்லில் அவள் வீட்டுக்குப் போனால் நான் அவளுக்கு இடது பக்கமாகத்தான் உட்காருகிறேன்.

எனக்குப் பதினேழு வயதானபோது டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தேன். கூடப் படித்த ஒருத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மிஸ்ஸம்மா ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார் என்று சொல்லி, விலாசம் வாங்கிக் கொடுத்தாள். இத்தனை வருஷம் நாக்கு நுனியில் இருந்ததை நாலு பக்கம் எழுதினேன். அத்தாமேல் தப்பில்லை, பெரிதாக ஏதாவது வை என்று நெருக்கினது மேனேஜர், என் காதால் கேட்டேன், அதை அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்கு என்னை மன்னியுங்கள் என்று.

இரண்டு மாதம் கழித்து நீல நிற ஏர்மெயில் காகிதம் வந்தது. கையெழுத்து நடுங்கியிருந்தது. தமிழ் அதே தமிழ்.

"மகளே, நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கமிட்டியார் கண்ணுக்குத் தெரிகிறதான ஒன்றை வைக்கும்படி உன் தகப்பனாரிடம் சொல்லுங்கள் என்று மதுரைக்குப் போகும்போது மேனேஜரிடம் சொன்னது நான்தான். ஓர் ஆமையை நினைத்துச் சொன்னேன். அன்று துக்கத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. ஊர் திரும்பும்போது கப்பலில்தான் அது நினைவுக்கு வந்தது. எழுத எனக்குத் தைரியம் இல்லாதிருந்தது. உன் தகப்பனாரிடம் இதை வாசித்துக் காட்டு."

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகையும் மத்தியானச் சாப்பாடும் முடிந்து அத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா முற்றத்தில் கூழ்வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசித்துக் காட்டினேன். அத்தா துள்ளி எழுந்திருப்பார், அல்லது அழுவார் என்று நினைத்தேன்.

"தெரியும் தாயி" என்றார். "மேனேஜர் அன்னைக்கே சொன்னாரு. வெளிய கூட்டிட்டுப் போயி, மிஸ்ஸம்மாவே சொல்லிட்டுப் போயிருக்காங்கன்னு."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க? நீங்கதாங்கம்மா வைக்கச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்மளை அனுப்பியிருக்க மாட்டாங்களே!"

அத்தா தன் கோணல் காலை நீவிவிட்டுக்கொண்டார்.

"அந்தம்மா அப்படி அழுதுக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் நீங்கதான் கொன்னீங்கன்னு அப்பப் போயி எப்படித் தாயி சொல்றது?"

அத்தாவைப் பற்றி அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் நினைத்ததில்லை. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அம்மா வற்றலை விட்டுவிட்டு எழுந்து நிற்பது தெரிந்தது. ஏழு வருஷம் கழித்து, முதல் தடவையாக அவளுக்கு விஷயம் முழுதாகத் தெரிகிறது. கையில் ஒட்டியிருந்த மாவை முந்தானையில் துடைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, நிறைமாசத்துல நானும் அழுதேனே. அது உங்களுக்குக் கேக்கலையா?"

உள் அறையில் தங்கச்சி, ஏதோ ஒரு பொம்மையிடம், தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அடுத்த தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில், பள்ளிவாசல் பக்கமாக நொண்டி நொண்டி நடந்து போனார்.